பழைய காருக்கு சிந்தெடிக் ஆயில்: லீக் செலவை எந்தக் கணக்குல எழுதறது?

பழைய கார் வாங்கறது பத்தின வீடியோல நேரம் பத்தாம ஓரமா தள்ளி வெச்ச ஒரு விஷயம் இது. வீடியோல எண்களைப் படிச்சுக் காட்டினா யாருக்கும் மனசுல நிக்காது, அதனால இங்க எழுதறேன். ஒரு டீ எடுத்துக்கிட்டு நிதானமா படிங்க.

வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷத்துல நம்மள்ல நிறைய பேர் வாங்கற முதல் கார், இன்னொருத்தர் பத்துப் பன்னெண்டு வருஷம் ஓட்டின பெட்ரோல் ஹேட்ச்பேக்தான். மீட்டர்ல 80,000 இல்ல 1 லட்சம் கி.மீ. காட்டும். வாங்கி முதல் ஆயில் சர்வீஸுக்கு விடும்போதே ரெண்டு குரல் கேட்கும். ஆபீஸ்ல ஒரு நண்பர், "ஃபுல்லி சிந்தெடிக் போடு மச்சி, வண்டி வெண்ணெய் மாதிரி போகும்"பார். மெக்கானிக் அண்ணன், "பழைய வண்டிக்கு அதெல்லாம் வேணாம் தம்பி, லீக் எடுத்துடும்"பார். ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. எவ்வளவு உண்மை, அதுக்கு எவ்வளவு பணம்னு பார்க்கறதுதான் நம்ம வேலை.

நான் சி.ஏ., மெக்கானிக் இல்ல. ஆனா இந்தக் கேள்வியில பாதி இன்ஜின், பாதி கணக்கு. முதல் பாதி புரியாம ரெண்டாவது பாதியைப் போட முடியாது. அதனால இன்ஜின் பக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

டப்பாவுல எழுதியிருக்கறது என்ன?

எல்லா இன்ஜின் ஆயிலும் ரெண்டு பங்கு கொண்டது: அடிப்படை எண்ணெய், அதுல கலக்கற சேர்மானங்கள். கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சு நேரா எடுத்தா மினரல். வேதியியல் முறையில மூலக்கூறையே மாத்தியோ, புதுசா கட்டியோ எடுத்தா சிந்தெடிக். ரெண்டையும் கலந்தது செமி சிந்தெடிக். சூட்டுல சீக்கிரம் கெடாம இருக்கறது, குறைவா ஆவியாகறது, குளிர்ல சுலபமா ஓடறது, இந்த மூணுலயும் சிந்தெடிக் ஒரு படி மேல.

இதுல ஒரு சுவாரஸ்யம். 'சிந்தெடிக்'ங்கற வார்த்தைக்கு எல்லாரும் ஒரே அர்த்தம் வெச்சுக்கல. அமெரிக்காவுல கேஸ்ட்ராலுக்கும் மொபிலுக்கும் இதை வெச்சே ஒரு விளம்பரத் தகராறு வந்தது. கச்சா எண்ணெய்ல இருந்து தீவிரமா மாத்தி எடுத்த எண்ணெயையும் சிந்தெடிக்னு விளம்பரம் பண்ணலாம்னு 1999-ல முடிவாச்சு. அதனால டப்பாவோட முன்பக்கத்துல இருக்கற பெரிய எழுத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பின்பக்கம் திருப்புங்க. அங்க ரெண்டு விஷயம் பார்க்கணும்: கிரேடு, ஏ.பி.ஐ. தரம்.

கிரேடுங்கறது 10டபிள்யூ-30, 5டபிள்யூ-30 மாதிரி வர்ற எண். முன்னாடி இருக்கற எண் குளிர்ல எப்படி ஓடும்கறது. பின்னாடி இருக்கற 30, 40 எல்லாம் இன்ஜின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா இருக்கும்கறது. 30-ன்னா 100 டிகிரி சூட்டுல 9.3-ல இருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும். மினரல் 10டபிள்யூ-30 ஆனாலும் சரி, சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஆனாலும் சரி, அந்த வரம்பு ஒண்ணுதான். 'சிந்தெடிக்னா தண்ணி மாதிரி இருக்கும், அதான் வழியுது'ங்கறது இங்கேயே அடிபட்டுப் போகுது. ஓடிட்டு இருக்கற சூடான இன்ஜின்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டி.

ஏ.பி.ஐ. தரம்கறது பெட்ரோல் வண்டிக்கு 'எஸ்' எழுத்துல ஆரம்பிக்கும். எஸ்.என். 2010-ல வந்தது, எஸ்.பி. 2020-ல வந்தது. பொதுவா புதுசு பழசோட வேலையையும் செய்யும். உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கற தரமோ அதுக்குப் பிந்தினதோ இருந்தா போதும்.

அப்போ லீக் எங்கிருந்து வருது?

மெக்கானிக் சொல்றதுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. மொபில் 1 மாதிரி சிந்தெடிக் ஆயில்கள் கடைக்கு வந்தது 1970-கள்ல. அந்தக் காலத்து அடிப்படை எண்ணெய்ல சில வகை, ரப்பர் சீலை லேசா சுருங்க வைக்கும். மினரல்ல ஊறிப் பழகின சீல், திடீர்னு சுருங்கினா ஓரத்துல வழியும். அப்புறம் சீலைச் சரியான அளவுல உப்ப வைக்கற பொருட்களைக் கலந்து அந்தக் குறையைச் சரி பண்ணிட்டாங்க. அம்பது வருஷத்துக்கு முந்தின பேரு மட்டும் இன்னும் போகல.

இன்னைக்கு நடக்கறது வேற. பத்து வருஷமா இன்ஜின் சூட்டுல வெந்த ரப்பர் சீலும் பேக்கிங்கும் கட்டியாகி, மெல்லிசா விரிசல் விட்டிருக்கும். முந்தின ஓனர் ஆயிலை நேரத்துக்கு மாத்தலைன்னா உள்ள கறுப்பா ஒரு கசடு படிஞ்சிருக்கும். அந்தக் கசடே விரிசலுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்கும். வண்டி லீக் இல்லாத வண்டி மாதிரி தெரியும். புது ஆயில்ல இருக்கற சுத்தம் பண்ற சேர்மானம் அந்தக் கசடை மெதுவா கரைக்கும். ஒட்டு போகும், விரிசல் வெளிய தெரியும், கீழ சொட்டும்.

எங்க தொழில்ல இதை நாங்க அடிக்கடி பார்க்கறோம். ஆடிட் ஆரம்பிச்ச ரெண்டாவது நாள் ஸ்டாக்குல ஓட்டை தெரியும். முதலாளி, "நீங்க வர்ற வரைக்கும் எல்லாம் சரியாத்தானே சார் இருந்துச்சு"ன்னு கேட்பார். ஆடிட்டர் வந்ததால நஷ்டம் வரல, இருந்த நஷ்டம் பேப்பருக்கு வந்துச்சு, அவ்வளவுதான். சிந்தெடிக் ஆயில் உங்க இன்ஜினுக்கு வர்ற ஆடிட்டர்.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, செலவை எந்தத் தலைப்புல எழுதறோம்கறதுல முடிவே மாறும். லீக் ரிப்பேரை 'சிந்தெடிக் போட்டதால வந்த செலவு'ன்னு எழுதினா, சிந்தெடிக் படு நஷ்டமா தெரியும். அது காரோட வந்த கடன். வண்டியை 2 லட்சத்துக்கு வாங்கினப்பவே அந்த ரிப்பேரையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கீங்க, பில்லுல மட்டும் இல்ல. அதனால ரெண்டு கேள்வியையும் பிரிச்சுப் போடுவோம். ஆயில் மாத்தறது லாபமா? லீக்கைச் சரி பண்றது லாபமா?

ஆயில் கணக்கு

கீழ வர்ற விலை எல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்ட எண்கள். உங்க ஊர் கடை விலையைப் போட்டு மாத்திக்கோங்க. சின்ன ஹேட்ச்பேக்குக்கு 3.5 லிட்டர் ஆயில்னு வைப்போம். மினரல் லிட்டர் 400, சிந்தெடிக் 800. ஃபில்டர் 200, லேபர் 400. ஒரு தடவை மாத்த மினரலுக்கு ரூ.2,000, சிந்தெடிக்குக்கு ரூ.3,400.

முதல் ஆள், ஆபீஸ் பக்கம், வருஷம் 8,000 கி.மீ. ஓட்டறார். மேனுவல் '10,000 கி.மீ. இல்ல ஒரு வருஷம், எது முதல்ல வருதோ'ன்னு சொல்லுது. எந்த ஆயில் போட்டாலும் இவர் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். சிந்தெடிக்கால கூடுதல் செலவு ரூ.1,400, மாசத்துக்கு 117 ரூபாய். 'மைலேஜ்ல வந்துடும்'னு கடைக்காரர் சொல்வார். லிட்டருக்கு 16 கி.மீ.ன்னா 500 லிட்டர், 100 ரூபாய் வீதம் ரூ.50,000 பெட்ரோல். நூத்துக்கு ஒண்ணு மிச்சமானாக்கூட 500 ரூபாய்தான். 1,400-ஐ அது மூடாது. மைலேஜுக்காக சிந்தெடிக் போடறேன்னு சொல்றது, கேஷ்பேக்குக்காக போன் வாங்கறேன்னு சொல்ற மாதிரி.

ரெண்டாவது ஆள், வருஷம் 20,000 கி.மீ. ஓட்டறார். அவர் வண்டி மேனுவல் மினரலுக்கு 5,000 கி.மீ., சிந்தெடிக்குக்கு 10,000 கி.மீ.ன்னு பிரிச்சுச் சொல்லுது. மினரல்ல நாலு தடவை, ரூ.8,000. சிந்தெடிக்ல ரெண்டு தடவை, ரூ.6,800. வருஷம் ரூ.1,200 மிச்சம், வொர்க்‌ஷாப்புக்குப் போற ரெண்டு சனிக்கிழமையும் மிச்சம். இவருக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஆக விலை வித்தியாசத்தைத் தீர்மானிக்கறது ஆயில் இல்ல, மேனுவல்ல இருக்கற இடைவெளியும் உங்க ஓட்டமும். இடைவெளியை நீங்களா நீட்டிக்கக் கூடாது. 'சிந்தெடிக்தானே, 20,000 ஓடும்'ங்கறதை பழைய இன்ஜின்ல முயற்சி பண்ணாதீங்க. தேஞ்ச பிஸ்டன் ரிங் வழியா எரிபுகை கீழ இறங்கி ஆயிலை அழுக்காக்கும். ஆயில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினதுன்னு அந்தப் புகைக்குத் தெரியாது.

முதல் ஆளுக்கு அப்போ சிந்தெடிக் வேண்டாமா? அவர் தினமும் ட்ராஃபிக்ல முக்கால் மணி நேரம் ஊர்ந்து போறவரா இருந்தா, இல்ல மூணு கி.மீ. ஓட்டி நிறுத்தற ரகமா இருந்தா, மேனுவல்ல அதைக் 'கடினமான பயன்பாடு'ன்னு தனியா போட்டு இடைவெளியைக் குறைச்சிருப்பாங்க. அங்க சிந்தெடிக் தாக்குப்பிடிக்கும். மாசம் 117 ரூபாய்க்கு அது நியாயமான பிரீமியம். வண்டியை இன்னும் அஞ்சு வருஷம் வெச்சுக்கப் போறவருக்கு நான் சரின்னு சொல்வேன். அடுத்த வருஷமே விக்கப் போறவர், மேனுவல் சொல்ற மினரலை நேரத்துக்கு மாத்தினா போதும்.

லீக் கணக்கு

சொட்டு விழுந்தவுடனே பயந்துடாதீங்க, முதல்ல அளங்க. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போடுங்க. காலையில எந்த இடத்துல, என்ன நிறத்துல கறைன்னு பாருங்க. பழுப்போ கறுப்போ இருந்து, வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில். பச்சையோ ரோஸோ இருந்தா கூலன்ட். நிறமே இல்லாம சுத்தமா இருந்தா ஏ.சி. தண்ணி, போய் வேலையைப் பாருங்க. கறையே இல்லாம ஆயில் மட்டம் மட்டும் குறையுதா? அது லீக் இல்ல, இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. சைலன்சர்ல நீலப்புகை வருதான்னு பாருங்க. அதுக்கு எந்த பேக்கிங்கை மாத்தியும் பலன் இல்ல.

ஆயில் மாத்தின ரெண்டு வாரத்துக்குள்ள சொட்டினா, ஆயிலைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி வேலையைச் சந்தேகப்படுங்க. ட்ரெயின் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே போட்டிருக்கலாம். பழைய ஃபில்டரோட ரப்பர் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு, அது மேலயே புதுசை முறுக்கியிருக்கலாம். அளவுக்கு மேல ஊத்தியிருக்கலாம். ஊத்தும்போது சிந்தினது அடித்தட்டுல தேங்கி, ரெண்டு நாள் சொட்டிட்டு நின்னும் போகலாம். இதெல்லாம் பில்லைக் காட்டி அதே இடத்துல இலவசமா சரி பண்ண வேண்டிய வேலை.

அதெல்லாம் இல்ல, நிஜமாவே சீல்தான்னா, இடத்தைப் பொறுத்து விலை தலைகீழா மாறும். மேல இருக்கற டேப்பெட் கவர் பேக்கிங் அடிக்கடி போற இடம், கை எட்டற இடம், சுலபமா மாத்தலாம். எல்லாம் சேர்த்து ரூ.1,500-னு வைப்போம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற பின்பக்க கிராங்க் ஆயில் சீல் வேற கதை. சீல் விலை சொற்பம், ஆனா அதைத் தொட கியர்பாக்ஸை இறக்கணும். லேபரோட ரூ.9,000-னு வைப்போம்.

ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 144 சொட்டு, 7 மில்லிக்குக் கொஞ்சம் மேல. மாசத்துக்கு 216 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். மினரல் விலையில அது மாசம் ரூ.86, வருஷம் ரூ.1,037. சிந்தெடிக் விலையில வருஷம் ரூ.2,074. கவனிச்சீங்களா? சிந்தெடிக்குக்கு மாறினதும் அதே சொட்டோட விலை ரெண்டு மடங்கு. ஒழுகற பானையில ஊத்தற மாதிரிதான், பாலுக்குப் பதில் நெய்.

இப்போ டேப்பெட் கவர் ரிப்பேர் 1,500 ரூபாய், சிந்தெடிக்ல ஒன்பது மாசத்துல திரும்பி வந்துடும். உடனே பண்ணுங்க. இன்னும் சொல்லப்போனா, சிந்தெடிக் ஊத்தறதுக்கு முன்னாடியே பண்ணுங்க. பின்பக்க சீல் 9,000 ரூபாய், சிந்தெடிக்ல போட்டது திரும்ப நாலே கால் வருஷம் ஆகும். மினரல்ல எட்டரை வருஷத்துக்கு மேல. வெறும் கணக்குப்படி பார்த்தா, மினரல் போட்டு மாசம் ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போறதுதான் லாபம்! மெக்கானிக் இதைச் சொல்ல மாட்டார், ஆயில் கம்பெனியும் சொல்லாது.

ஆனா இந்த லாபம் ஒரு நிபந்தனையோட வருது. நீங்க டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கற ஆளா? பல சின்ன கார்கள்ல மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு லிட்டர் மாதிரிதான். மாசம் 216 மில்லின்னா நாலரை மாசத்துல கீழ் கோட்டுக்கு வந்துடும். அதையும் தாண்டி ஆயில் விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தாம 'வீடு பக்கம்தானே'ன்னு ஓட்டினா இன்ஜின் சீஸ். அதுக்கு ரூ.60,000 வைங்க. வருஷத்துக்கு நூத்துல அஞ்சு வாய்ப்புன்னு எடுத்தாக்கூட 3,000 ரூபாய் ரிஸ்க். மேல பார்த்த ஆயில் செலவோட இதைச் சேர்த்தா, 9,000 ரூபாய் ரிப்பேர் இப்போ அவ்வளவு மோசமா தெரியாது. கிரெடிட் கார்டு கடைசித் தேதியை ரெண்டு தடவை தவறவிட்ட ஆள் நீங்கன்னா, தயவு செஞ்சு ரிப்பேர் பண்ணிடுங்க. உங்களுக்கு அந்த ரிஸ்க் நூத்துல அஞ்சு இல்ல.

சில இடங்கள்ல கணக்கே போடக் கூடாது. சூடான சைலன்சர் பைப் மேல ஆயில் விழுந்து புகை வந்தா தீப்பிடிக்கலாம். டைமிங் பெல்ட் இருக்கற வண்டியில பெல்ட் மேல ஆயில் பட்டா பெல்ட் ஊறிப் போகும். கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சாலும் அதே. இதெல்லாம் ஆயில் செலவு இல்ல, உடனே சரி பண்ணுங்க. பின்னாடி பைக்ல வர்றவர் உங்க ஆயில்ல வழுக்கி விழற அளவுக்குச் சொட்டினாலும் சரி பண்ணுங்க. அது எந்தப் பக்கத்துலயும் எழுத முடியாத செலவு.

கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும்னா ஒரு வேலை செய்யுங்க. கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா அதையும் அப்பவே மாத்திடுங்க. அதே லேபர். ஆறு மாசம் கழிச்சு கிளட்ச் போனா, அதே கியர்பாக்ஸை இறக்க மறுபடியும் முழு லேபரும் கொடுப்பீங்க.

இன்னொண்ணு, பெரிய சீலைப் பிரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்க. இன்ஜின் உள்ள சேர்ற காத்தழுத்தத்தை வெளிய விடற சின்ன பாகம். அது அடைச்சுக்கிட்டா அழுத்தம் ஏறி, நல்லா இருக்கற சீல் வழியாக்கூட ஆயிலைத் தள்ளும். விலை குறைச்சல், சுத்தம் பண்ணாலே சில சமயம் போதும். 9,000 ரூபாய் எஸ்டிமேட்டைக் கையில வாங்கிக்கிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க, பேச்சு எப்படி மாறுதுன்னு பாருங்க.

மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா

பழைய மினரல் கொஞ்சம் உள்ள தங்கினாலும் பயம் இல்ல, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கும். இன்ஜின் ஃப்ளஷ்னு ஒரு டப்பா ஊத்திக் கழுவறேன்னு சொல்வாங்க. சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத பழைய வண்டியில நான் வேண்டாம்னு சொல்வேன். பத்து வருஷக் கசடு ஒரே நேரத்துல கழண்டு, சம்ப்ல ஆயிலை உறிஞ்சற வலையை அடைச்சா, சுத்தம் பண்ணப் போய் இன்ஜினே போயிடும். அதுக்குப் பதிலா முதல் சிந்தெடிக்கை 3,000 - 4,000 கி.மீ.ல ஃபில்டரோட மாத்திடுங்க. கசடு மெதுவா வெளிய வரும். அந்த முதல் ரவுண்டுக்கு விலை குறைஞ்ச செமி சிந்தெடிக் போட்டா பர்ஸுக்கும் நல்லது.

'லீக் ஆகுதா, 20டபிள்யூ-50 போட்டுடலாம், கெட்டியா நிக்கும்'னு ஒரு வைத்தியம் உண்டு. உங்க மேனுவல்ல அந்த கிரேடு இருந்தா சரி. இல்லாட்டி வேண்டாம். மெல்லிசான ஆயிலுக்காகச் செஞ்ச இன்ஜின்ல கெட்டி ஆயில், காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல ஏறவே நேரம் எடுக்கும். சொட்டைக் காப்பாத்தி இன்ஜினைத் தேய்க்கற வேலை. 'ஹை மைலேஜ்'னு போட்டு, சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கற சேர்மானத்தோட வர்ற ஆயில்கள் இருக்கு. லேசா கசியற வண்டிக்கு முயற்சி பண்ணலாம். கிழிஞ்ச சீலை அது தைக்காது.

மாத்தினப்புறம் முதல் ஒரு மாசம் வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பாருங்க. சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு. போன்ல ஒரு நோட்: தேதி, மீட்டர், மட்டம், எவ்வளவு மில்லி ஊத்தினீங்க. மூணு மாச நோட் இருந்தா மேல நான் போட்ட 216-க்குப் பதிலா உங்க வண்டியோட சொந்த எண் கிடைக்கும். எஸ்டிமேட் வாங்கப் போகும்போது அந்த எண் கையில இருக்கட்டும்.

'இதுக்கு புதுசே வாங்கிடலாம்'

எனக்கு நிஜமா கவலை இந்த வாக்கியத்து மேலதான். 9,000 ரூபாய் எஸ்டிமேட் வந்த அன்னைக்கு சாயங்காலம்தான் பலர் ஷோரூமுக்குப் போறாங்க. 6 லட்சம் லோன், 9.5 சதவீதம், 7 வருஷம். இ.எம்.ஐ. ரூ.9,806. மொத்தம் கட்டறது 8.23 லட்சத்துக்கு மேல, அதுல வட்டி மட்டும் 2.23 லட்சம். அந்த சீல் ரிப்பேர் ஒரு மாச இ.எம்.ஐ.யை விடக் குறைவு. மீதி 83 மாசம்?

புதுக் கார் வாங்கவே கூடாதுன்னு சொல்லல. ஏர்பேக் இல்லாத வண்டியில குழந்தையை ஏத்திட்டுப் போறோம்னு மாத்தினா அது சரியான காரணம். துருப்பிடிச்சு பாடி போச்சுன்னா சரியான காரணம். ஆயில் சொட்டறது காரணமே இல்ல. வண்டிக்குன்னு மாசம் 1,500 ரூபாய் ஒரு ஆர்.டி.ல போட்டு வைங்க. ஆறு மாசத்துல பின்பக்க சீலே வந்தாலும் கிரெடிட் கார்டைத் தேய்க்காம கட்டிடலாம்.

பில், வரி, இன்சூரன்ஸ்

சுருக்கமா முடிச்சுடறேன். சம்பளக்காரருக்கு சொந்தக் கார் ரிப்பேர் செலவுன்னு வருமான வரியில தனியா எந்தக் கழிவும் கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோட திருப்திப்பட்டுக்கணும். கம்பெனி கார் செலவைத் திருப்பித் தர்ற திட்டம் உங்க சம்பள அமைப்புல இருந்தா மட்டும் பில்லை எச்.ஆர். கிட்ட கொடுங்க.

ஜி.எஸ்.டி.ல ஒரு மாற்றம் உங்களுக்குச் சாதகமா இருக்கு. 28 சதவீதமா இருந்த வாகன உதிரிபாகங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு வந்துடுச்சு. பழைய பில் மென்பொருள்லயே ஓட்டற கடையில பேக்கிங்குக்கும் சீலுக்கும் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு ஒரு பார்வை பாருங்க.

இன்சூரன்ஸ் பக்கம், சாதாரண மோட்டார் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் தராது, அதோட தொடர் நஷ்டத்தையும் தராது. ஆயில் ஒழுகி இன்ஜின் சீஸ் ஆனா, கிளெய்ம் பண்ணலாம்னு நினைச்சு உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்ஜின் புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் உண்டு. அதுலயும் விபத்தால ஆயில் கசிஞ்சா ஒரு மாதிரி, வயசானதால கசிஞ்சா ஒரு மாதிரி எழுதியிருப்பாங்க. வண்டிக்கு வயசு வரம்பும் இருக்கும். அதுக்குப் பிரீமியம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியையும் பாலிசி வாசகத்துல தேடிப் படிங்க. உங்க 12 வருஷ வண்டிக்கு அவங்க தர்றாங்களான்னே முதல்ல கேளுங்க.

ஆயில் டப்பாவைக் கடையில பில்லோட வாங்குங்க, சீல் உடையாததைப் பார்த்து வாங்குங்க. காலி டப்பாவை அங்கேயே ஓட்டை போட்டுட்டு வாங்க, திரும்ப நிரப்பி விக்கறவங்களுக்கு உதவாம இருக்கும். ஆயில் பில்லுல மீட்டர் எண்ணை எழுதச் சொல்லி ஒரு கவர்ல சேர்த்து வைங்க. நாளைக்கு வண்டியை விக்கும்போது, தேதியும் கி.மீட்டரும் போட்ட அந்த நாலஞ்சு பில்லை டேபிள்ல வெச்சுட்டு விலை பேச ஆரம்பிங்க.